தனியாக வண்டி ஓட்டி வேலைக்குப் போவதைக் குறைக்கும் திட்டங்கள்: குமரி மாவட்டத்தில் எது எடுபடும், எது எடுபடாது

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரே அலுவலகத்துக்குப் போகும் நாலு பேர் நாலு வண்டியில் போகிறார்கள். ஒரே வண்டியில் போனால் என்ன? பெட்ரோல் விலை பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வருகிறது, அதன் பின்னாலேயே குழப்பங்களும் வருகின்றன. சக ஊழியரிடம் பெட்ரோல் காசு வாங்கினால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா? பெண்களுக்கு இலவசம் என்றார்களே, இந்தப் பேருந்தில் ஏன் டிக்கெட் கேட்கிறார்கள்? கார் பகிர்வுச் செயலியை ஓர் அரசு ஊக்குவிக்கிறது, இன்னோர் அரசு சட்ட விரோதம் என்கிறது. எதை நம்புவது? அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் இவற்றுக்கு விடை கிடைக்கும்.

எண்ண வேண்டியது ஆட்களை

இந்தத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது: ஒரு வண்டியில் சராசரியாக எத்தனை பேர் போகிறார்கள் என்பது. சாலை நெரிசல் வண்டிகளின் எண்ணிக்கையால் வருகிறது. வேலை நடப்பதோ வந்து சேரும் ஆட்களால். வண்டிகளை நகர்த்துவதைவிட மக்களை நகர்த்துவதே முக்கியம் என்று இந்தியாவின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே எழுதிவிட்டது.

சாலைப் பொறியாளர்கள் இதை 'கார் அலகு' என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கார் சாலையில் அடைக்கும் இடம் 1 அலகு. இந்திய சாலைக் காங்கிரஸ் ஊர்ப்புறச் சாலைகளுக்குச் சொல்லும் மதிப்பின்படி பைக் 0.5, பேருந்து 3. இதை வைத்து 50 பேரை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கணக்கைப் போடலாம்.

1. ஆளுக்கொரு கார்: 50 அலகு.
2. ஆளுக்கொரு பைக்: 25 அலகு.
3. காருக்கு நாலு பேர்: 12.5 அலகு.
4. பைக்குக்கு இரண்டு பேர்: அதுவும் 12.5 அலகு.
5. ஒரே பேருந்து: 3 அலகு.

மூன்றும் நான்கும் சமம் என்பது பலர் கவனிக்காத விஷயம். பைக்கின் பின் இருக்கையில் ஒருவர் ஏறிக்கொண்டால், நாலு பேர் நிறைந்த காரின் பலன் சாலைக்குக் கிடைத்துவிடுகிறது. கார் பகிர்வைப் பற்றியே பேசும் திட்டங்கள் இதைத் தொடுவதில்லை. அவை உருவான நாடுகளில் பைக் இந்த அளவுக்கு இல்லை.

வெளியூர்த் திட்டங்கள் எப்படி வேலை செய்தன

உலகம் முழுக்க முயன்று பார்த்தவற்றை நாலு வகையாகப் பிரிக்கலாம்.

1. சாலையில் முன்னுரிமை. நிறைய ஆட்களோடு வரும் வண்டிக்குத் தனிப் பாதை தருவது. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஷெர்லி நெடுஞ்சாலையில் 1969-ல் பேருந்துக்கென்று விட்ட தடத்தை 1973-ல் நாலு பேர் ஏறிய கார்களுக்கும் திறந்துவிட்டார்கள். இரண்டு தடமே தடுமாறும் தக்கலைச் சாலையில் இதற்கு இடமே இல்லை.

2. விலை. சிங்கப்பூர் 1975-ல் நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் போட்டது. நாலு பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டணம் இல்லை. அந்த நேரத்துப் போக்குவரத்து 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் கார்க்காரர்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களை ஏற்றி நாலாக்கிக்கொண்டார்கள். 1989-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஜகார்த்தாவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்தது. முக்கியச் சாலைகளில் காருக்கு மூன்று பேர் கட்டாயம் என்று விதித்ததும், தெருமுனையில் நின்று காசுக்கு ஏறிக்கொள்ளும் 'ஜாக்கி'கள் தோன்றினார்கள். கைக்குழந்தையோடு நின்றவர்களும் உண்டு, இரண்டு தலை கணக்கு! 2016-ல் விதியை நீக்கினார்கள். கேலிக்கூத்தாகிப்போன விதிதானே, நீக்கினால் என்ன நடந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நீக்கிய பிறகு காலை நெரிசலில் தாமதம் 46 சதவீதமும் மாலையில் 87 சதவீதமும் கூடியதாக 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஓட்டை விழுந்த விதியும் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

3. முதலாளியின் பொறுப்பு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1991-ல் போட்ட சட்டப்படி, குறிப்பிட்ட பகுதிகளில் காலை 6 முதல் 9 மணிக்குள் 100 அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்கள் வந்து சேரும் பணியிடம் ஒரு பயண ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். யார் எதில் வருகிறார்கள் என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கவும் வேண்டும்.

4. பார்க்கிங்கைக் காசாக்குவது. மற்ற மூன்றையும்விட இது சத்தமில்லாமல் சாதித்தது. கலிஃபோர்னியாவின் 1992 சட்டம் முதலாளிகளைப் பார்த்து, ஊழியருக்கு வாடகை பார்க்கிங் இலவசமாகத் தருகிறீர்கள் என்றால், அது வேண்டாம் என்பவருக்கு அந்தப் பணத்தைக் கையில் கொடுங்கள் என்றது. அப்படிச் செய்த எட்டு நிறுவனங்களை டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் ஆராய்ந்தார். தனியாக ஓட்டி வந்தவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். யாரையும் எதுவும் தடுக்கவில்லை. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சலுகை ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் பிறகு அமெரிக்காவில் காரைப் பகிர்ந்து வேலைக்குப் போவோர் 1980-ல் 19.7 சதவீதமாக இருந்து 2010-ல் 9.7 ஆகக் குறைந்துவிட்டார்கள். கார் மலிவானதும், வேலையிடங்கள் சிதறியதும், வீட்டுக்கு வீடு இரண்டு மூன்று வண்டி வந்ததும் காரணங்கள். வெறும் அறிவுரையும் விளம்பரமும் இந்தப் போக்கைத் தடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குமரியில் 'தனியாக' என்றால் பைக்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்ற கேள்வி நாடு முழுக்கக் கேட்கப்பட்டது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்வோரில் கார், ஜீப், வேனில் போனவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. அதன் பிறகு கார் கூடியிருந்தாலும், நம்மூரில் 'தனியாக ஓட்டிப் போகிறவர்' என்றால் ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாகப் போகிறவர்தான்.

இதனால் செலவுக் கணக்கு தலைகீழாகிறது. மார்த்தாண்டம்–நாகர்கோவில் சுமார் 30 கி.மீ. போக வர 60, மாதம் 22 நாள் என்றால் 1,320 கி.மீ. கணக்கு எளிதாக இருக்க பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

* லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார், தனியாக: 88 லிட்டர், 8,800 ரூபாய்.
* அதே காரில் நாலு பேர்: ஆளுக்கு 2,200 ரூபாய்.
* லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக், தனியாக: 26.4 லிட்டர், 2,640 ரூபாய்.
* அதே பைக்கில் இரண்டு பேர்: ஆளுக்கு 1,320 ரூபாய்.
* சாதாரண மொஃபசல் பேருந்து, அதாவது ஊர் விட்டு ஊர் போகும் பேருந்து: கி.மீ.க்கு 58 காசு என்ற 2018 கட்டணத்தில் 30 கி.மீ.க்கு 17 ரூபாய் 40 காசு. ஸ்டேஜ் கணக்கில் கொஞ்சம் கூடும். 44 ட்ரிப்புக்கு 800 முதல் 900 ரூபாய்.

காரில் தனியாகப் போகிறவருக்குக் கூட்டுப் பயணத்தில் மாதம் 6,600 ரூபாய் மிச்சம். பைக்காரர் நாலாவது ஆளாக அந்தக் காரில் ஏறினால் மிச்சம் 440 ரூபாய்தான். அதற்காக நினைத்த நேரத்தில் கிளம்பும் வசதியை அவர் விடமாட்டார், விடாதது நியாயமும்கூட. பேருந்துக்கு மாறினால் 1,700 ரூபாய்க்கு மேல் மிஞ்சுமே, ஏன் மாறுவதில்லை? விடை கட்டணத்தில் இல்லை, ஊரின் அமைப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து நெருக்கமான மாவட்டம் குமரி. 2011 கணக்கில் சதுர கி.மீ.க்கு 1,111 பேர். ஆனால் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வீடுகள் ஒரே இடத்தில் கூடி நிற்பதில்லை. தோப்புக்கு நடுவே ஒரு வீடு, அடுத்த விளையில் இன்னொன்று என்று பரவிக் கிடக்கின்றன. இணைக்கும் சந்துகளில் பேருந்து நுழையாது. நிறுத்தம் வரை நடக்க வேண்டும், அதுவும் ஏற்ற இறக்கத்தில். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டத்தில் ஆண்டில் பாதி மாதம் அந்த நடை நனைந்த நடை. சைக்கிளும் கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கத்துச் சமநிலத்தில்தான் எளிது.

இதைவிடப் பெரிய தடை திரும்பி வருவது. காலையில் பேருந்து நிறைய உண்டு. மாலை வேலை முடிய அரைமணி நேரம் தாமதமானால், கடைசி உட்கிராமப் பேருந்து போய்விட்டால், மார்த்தாண்டத்தில் இறங்கி ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு பல நாள் மிச்சத்தை ஒரே இரவில் தின்றுவிடும். அப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்டவர் மறுநாள் பைக்கை எடுத்துவிடுவார். அதனால்தான் அமெரிக்கத் திட்டங்களில் 'வீடு சேர்க்கும் உத்தரவாதம்' என்ற பகுதி உண்டு. பகிர்ந்து வருபவருக்கு அவசரமென்றால் ஆண்டுக்குச் சில முறை டாக்சிச் செலவைத் திட்டமே ஏற்கும். பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இருக்கிறது என்ற தைரியத்துக்காகத்தான் அந்த ஏற்பாடு, செலவும் குறைவு.

அரசிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது

விடியல் பயணம். 2021 மே 8 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. பின்னர் திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணை வருபவருக்கும் விரிவானது. குழப்பம் வருவது 'எந்தப் பேருந்து' என்பதில். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து, அதாவது வெள்ளை போர்டு பேருந்து மட்டுமே. நீண்ட தூர மொஃபசல் பேருந்து, எக்ஸ்பிரஸ், எண்ட் டு எண்ட், தனியார் பேருந்து, மினி பஸ், களியக்காவிளையில் ஏறும் கேரளப் பேருந்து எதிலும் செல்லாது. ஒரே சாலையில் இரண்டு வகையும் ஓடுவதால் முன்னால் வந்த பேருந்தில் ஏறிவிட்டு நடத்துநரிடம் வாதாடும் காட்சி அடிக்கடி நடக்கிறது. இலவசம் என்றாலும் பூஜ்யக் கட்டண டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது.

இத்திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று அரசு சொல்கிறது. முந்திரி ஆலைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகும் பெண்ணின் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. ஆனால் பைக்கில் தனியாகப் போகும் ஆணை இது பேருந்துக்கு இழுக்காது. இதன் விளைவு வேறு: இன்னும் வண்டி வாங்காதவரை, வாங்காமலே சமாளிக்க வைக்கிறது.

இதே மாநில அரசு 2018 பிப்ரவரியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. மூன்றே ஆண்டில் இலவசப் பேருந்து. இரண்டுமே பெண் வேலைக்குப் போக வேண்டும் என்ற நோக்கத்தில் வந்தவை. சாலையைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று எதிர்த் திசை.

மினி பஸ். சந்துகளின் சிக்கலுக்கு நேரான மருந்து இதுதான். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய விரிவான மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கி.மீ. அதில் குறைந்தது 65 சதவீதம் இதுவரை பேருந்து ஓடாத வழியாக இருக்க வேண்டும். முன்பு உச்சவரம்பு 20 கி.மீ.

ரயில் சீசன் டிக்கெட். 1979-ல் திறந்த திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதையில் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. 150 கி.மீ. வரை மாதச் சீசன் கிடைக்கும். மூன்று மாதச் சீசனுக்கு மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்குதான். முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது, சூப்பர்ஃபாஸ்டுக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். சிக்கல் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதில்: தக்கலை ஊருக்குள் நிலையம் இல்லை, இரணியலுக்குப் போக வேண்டும். மார்த்தாண்டத்துக்காரர் குழித்துறைக்கு வர வேண்டும். வீட்டிலிருந்து நிலையம் வரை மட்டும் பைக், மீதிக்கு ரயில் என்பதும் இத்திட்டங்களின் கணக்கில் முழு வெற்றிதான்.

பெட்ரோல் காசு வாங்கலாமா: சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் மையச் சொல் 'வாடகைக்கோ பிரதிபலனுக்கோ' ஆள் ஏற்றுவது. அப்படி ஏற்றினால் அது போக்குவரத்து வாகனம். 66-ம் பிரிவின்படி பெர்மிட் வேண்டும். இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை. 'லாபமில்லாத செலவுப் பகிர்வு' என்று தனி வரையறை இந்தச் சட்டத்தில் இல்லை. பிரான்சின் போக்குவரத்துச் சட்டத்தில் அது இருக்கிறது: செலவைப் பங்கிடலாம், லாபம் பார்க்கக்கூடாது. இந்த ஒரு வரி இல்லாததால்தான் இங்கே இவ்வளவு குழப்பம். சட்டச் சிக்கல் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தினால் இப்படி வரும்:

1. நாலு பேர், நாலு கார், முறைவைத்து ஓட்டுவது. பணம் கைமாறுவதே இல்லை. எந்தக் கேள்வியும் எழாது.

2. டி போர்டு டாக்சியை மாத ஒப்பந்தத்தில் எடுப்பது. ஓட்டுநர் தவிர 6 பேர் வரை ஏற்றும் டாக்சியில் ஆளுக்குத் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினாலும் அது ஒப்பந்த வண்டியே என்று 2(7) பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. சொந்தக் கார் இல்லாத ஐந்தாறு பேருக்கு இதுவே நல்ல வழி.

3. ஓட்டுநர் தவிர 7 முதல் 12 பேர் வரை ஏற்றும் வேன். மாத ஒப்பந்தமும் பயணிகள் பட்டியலும் வண்டியில் இருக்கட்டும். வழியில் கைகாட்டியவரை ஏற்றி இறக்கினால் அது ஸ்டேஜ் கேரியேஜ், அதாவது பேருந்து போல வழியில் ஆள் ஏற்றி இறக்கும் வண்டி ஆகிவிடும், அதற்குப் பெர்மிட் வேறு.

4. ஓன் போர்டு காரில் ஒருவரே தினமும் ஓட்ட, மற்றவர்கள் மாதாமாதம் பெட்ரோல் காசு கொடுப்பது. சாம்பல் பகுதி. தெரிந்தவர்கள், நிலையான குழு, செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்றால் யாரும் நிறுத்திக் கேட்பது அரிது. கேள்வி எழுவது விபத்துக்குப் பிறகு, இன்சூரன்ஸ் அலுவலகத்தில்.

5. செயலி வழியாக முன்பின் தெரியாதவரை ஓன் போர்டு வண்டியில் ஏற்றுவது. செயலி நடத்துபவர் 93-ம் பிரிவின்படி மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும். மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல் இதை அனுமதித்தபோதே வரம்பும் வைத்தது: ஒரு வண்டிக்கு நகருக்குள் நாளைக்கு 4 சவாரி, ஊர் விட்டு ஊர் வாரத்துக்கு 2, ஏறுபவருக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீடு. அதையும் மாநிலம் தடுக்கலாம் என்று விட்டுவைத்தது. 2025-ல் புதிய வழிகாட்டுதல் வந்து, மாநில அனுமதியோடு ஓன் போர்டு பைக்கையும் செயலியில் சேர்க்க வழிவிட்டது. முடிவு மாநிலத்தின் கையில் என்பதால்தான் ஒரு மாநிலத்தில் ஓடும் செயலியை இன்னொரு மாநிலம் தடுக்கிறது. களியக்காவிளை தாண்டித் தினமும் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸில் எங்கே மாட்டிக்கொள்வோம்

ஓன் போர்டு வண்டியின் பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ பிரதிபலனுக்கோ பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருக்கும். மாதம் 2,200 ரூபாய் என்று பெயர் போட்டு அனுப்பிய யூ.பி.ஐ. பதிவுகள் அன்றைக்கு உங்களுக்கு எதிரான ஆதாரமாகலாம். பணமில்லாமல் முறைவைப்பதே மேல் என்பது இதனால்தான்.

பணமே வாங்காவிட்டாலும் இரண்டாவது சிக்கல் ஒன்று உண்டு. 'தேர்ட் பார்ட்டி' மட்டும் எடுத்த பாலிசியில், காருக்குள் இருந்தவருக்கும் பைக்கின் பின்னால் இருந்தவருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. 'ஃபுல் கவர்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக் வாங்கும்போதே 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி கட்டாயம். வண்டிச் சேதத்துக்கான பகுதியைப் பலர் ஓராண்டுக்கு மட்டும் எடுத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். நண்பரைத் தினமும் பின்னால் ஏற்றும் பைக்கில் கவர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், இருக்காது. புதுப்பிக்கும்போது பின்னால் இருப்பவருக்கான பி.ஏ. கவரை (தனிநபர் விபத்துக் காப்பீடு) கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் பிரீமியம் அதிகமில்லை. ஹெல்மெட்டும் இருவருக்கும் வேண்டும், இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு ஒரு கூடுதல் பாதுகாப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், நேரமும் வழியும் வேலையோடு பொருந்தினால், பணியிடக் காயமாகவே கணக்கு. எந்த வண்டியில் போனாலும் பொருந்தும்.

கூட்டுப் பயணம் எதனால் உடைகிறது

தொடங்கும் குழுக்களில் பல முதல் மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. காரணங்களும் பெரும்பாலும் ஒன்றுதான்.

1. வீட்டு வாசலில் ஏற்றுவது. ஒரு சந்துக்குள் போய்த் திரும்ப 6 நிமிடம் என்றால் மூன்று பேருக்கு 18 நிமிடம். ஓட்டுகிறவர் இரண்டாம் வாரத்திலேயே சலித்துவிடுவார். சந்திப்பு இடம் மெயின் ரோட்டில், பேருந்து நிறுத்தத்திலேயே இருக்கட்டும். வண்டி தவறினாலும் பேருந்து கிடைக்கும்.

2. காத்திருப்பு விதி இல்லாதது. மூன்று நிமிடம், அதற்கு மேல் வண்டி நிற்காது என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் 'வந்துட்டே இருக்கேன்' என்ற செய்தி வந்தால் நிற்கலாமா? கூடாது.

3. மாலை நேரம் பொருந்தாதது. காலையில் ஒன்றாகப் போய், மாலையில் அவரவர் பேருந்தில் திரும்புவதும் ஓர் ஏற்பாடுதான். பாதிப் பயணம் பகிர்ந்தாலும் பாதி லாபம் உண்டு.

4. ஓட்டுநர் விடுப்பு. முந்தின இரவு 9 மணிக்குள் சொல்ல வேண்டும். குழுவில் குறைந்தது இரண்டு பேராவது வண்டி வைத்திருப்பவராக இருக்க வேண்டும்.

அலுவலகம் செய்யக்கூடியது

ஒரு காரை நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் வேண்டும். உள்ளே வரவும் திருப்பவும் விடும் வழியைச் சேர்த்தால் சுமார் 23 சதுர மீட்டர். நாகர்கோவிலில் கோர்ட் ரோட்டையோ வடசேரியையோ ஒட்டிய இடத்தில் அந்த நிலத்தின் மதிப்பு என்ன என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். தனியாகக் காரில் வருபவருக்கு அதை இலவசமாகக் கொடுக்கும் அலுவலகம், பேருந்தில் வருபவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. கலிஃபோர்னியா போலப் பணம் கொடுக்க முடியாவிட்டாலும், கேட்டுக்குப் பக்கத்து நிழல் இடத்தை இரண்டுக்கு மேற்பட்டோர் வரும் வண்டிக்கு ஒதுக்கலாம். ஒரு பலகை போதும்.

வரியில் ஒரு வசதி உண்டு. வீட்டிலிருந்து அலுவலகம் வர நிறுவனமே வண்டி விட்டால் அது ஊழியரின் வருமானமாகக் கணக்காகாது. மாதம் 1,600 ரூபாய் பயணப்படிக்கு இருந்த வரிவிலக்கு 2018 மார்ச்சோடு போனது, மாற்றுத்திறனாளி ஊழியரின் 3,200 ரூபாய்க்கு மட்டும் நீடித்தது. ஆக, படியாகக் கொடுப்பதைவிட வேன் விடுவது இருவருக்கும் லாபம். ஒரே ஷிப்டில் பலர் வரும் ஆலைக்கும் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். பத்து பேர் பத்து நேரத்தில் வரும் கடைக்குப் பொருந்தாது.

கடைகளுக்கென்று ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. 24 மணி நேரமும் கடை திறக்க 2019-ல் தமிழக அரசு அனுமதித்தபோது, ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்கு நிறுவனம் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும், அதைப் பற்றிய அறிவிப்பை முன்வாசலில் ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. இரவு 8 மணிக்கு மேல் பெண் ஊழியரின் சம்மதமும் வேண்டும். 'வீடு சேர்க்கும் உத்தரவாதம்' என்பதன் உள்ளூர் வடிவம் இது. கேட்டு வாங்குவோர்தான் குறைவு.

பேருந்து நேரத்தை மாற்றக் கேட்பது எப்படி

அரசு அலுவலகம் 5.45-க்கு முடிகிறது. 5.40-க்குப் புறப்படும் பேருந்தால் அங்கே யாருக்கும் பயனில்லை. அது காலியாக ஓடும், ஆளில்லை என்று ட்ரிப் கட் ஆகும், ட்ரிப் இல்லை என்று இன்னும் சிலர் பைக் வாங்குவார்கள். இதைச் சரிசெய்ய மனு கொடுப்பவர்கள் 'கூடுதல் பேருந்து வேண்டும்' என்று எழுதுகிறார்கள். கூடுதல் ட்ரிப்புக்குப் பேருந்து, ஓட்டுநர், நடத்துநர், அவர்களின் பணிநேரம் எல்லாம் வேண்டும், கிளை மேலாளர் கையில் அவை உபரியாக இருப்பதில்லை. இருக்கிற ட்ரிப்பை 15 நிமிடம் தள்ளுவது அவரால் முடியும் காரியம்.

மனுவில் இருக்க வேண்டியவை: தட எண், இப்போது புறப்படும் நேரம், கேட்கும் நேரம், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்ற பட்டியல், அவர்கள் வேலை செய்யும் இடத்தின் பெயர், அந்த இடம் முடியும் நேரம். அதே நேரத்துக்குப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அந்தப் பேருந்தை நம்பியிருக்கிறார்களா என்பதை முன்னரே விசாரித்து எழுதிவிடுங்கள். பெரும்பாலான மனுக்கள் அந்த ஒரு காரணத்தால்தான் திரும்பி வருகின்றன. ஒரு பிரதியைக் கிளை மேலாளருக்கும், ஒரு பிரதியைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். நேரம் மாறிய பிறகு முதல் மாதம் பட்டியலில் உள்ளவர்கள் உண்மையிலேயே ஏற வேண்டும். வசூல் தாளில் அது தெரியும், அதைப் பார்த்துத்தான் நேரத்தை நிலைக்கவிடுவார்கள்.